கண்ணடித்த ஏட்டு

சீசன் ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் மெயின் அருவிக்குத் திரும்பும் முக்கில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஏட்டு முத்துச்செல்வம், மரத்தில் ஏதோ சலசலக்க, அண்ணாந்து பார்த்தார். யாரிடமோ பறித்த கடலைப் பொட்டலத்தைக் குரங்கு ஒன்று தலைகீழாக உதறிக்கொண்டிருந்தது. அவர் வலது கண்ணில் என்னமோ விழுந்தது.

கசக்கினார், தண்ணீர் அடித்துக் கழுவினார். உறுத்தல் போகவில்லை. கண் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டது.

அந்நேரம் கோட்டயம் வேன் ஒன்று ஒருவழிப் பாதையின் தப்பான முனையில் வந்து நின்றது.

"போகாமோ சாரே?"

"கூடாது" என்று கையைக் காட்டும்போதே கண் அடித்துவிட்டது. டிரைவர் சிரித்தபடி சல்யூட் வைத்துவிட்டு உள்ளே விட்டார். பின்னாலேயே நாலு வேன் நுழைந்தது. அருவிக்கரை வரை ரோடு அடைத்துக்கொண்டது.

ஜீப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் வள்ளித்தாய் நடந்தே வந்தார்.

"யாருவே உள்ள விட்டது?"

"நான் விடல மேடம்" என்றார் ஏட்டு. கண் அடித்தது.

குளிக்க வந்த கூட்டம் "ஓ" போட்டது.

"ஐயோ மேடம், சத்தியமா தூசி!" அதற்குள் இன்னும் ரெண்டு தரம் அடித்தது.

"வாரும்வே, ஜீப்புல ஏறும்."

சஸ்பெண்டுதான் என்று நினைத்தபடி ஏட்டு ஏறினார். ஜீப் போய் நின்றதோ தென்காசியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் கிறிஸ்டி கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார். பிறகு மஞ்சள் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"கருவிழியில மேலயிருந்து கீழா கோடு கோடா கீறல் இருக்கு. அப்போ விழுந்த சாமான் மேல் இமைக்கு உள்ளதான் ஒட்டிட்டு இருக்கும். கீழ பாருங்க."

இமையைப் பஞ்சுக்குச்சியின் மேல் மெல்லப் புரட்டி, உள்ளே சிவப்பாக ஒட்டியிருந்ததை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

"கடலைத் தொலி."

வள்ளித்தாய் குனிந்து பார்த்தார். "இத்துணூண்டுதானா?" சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஏட்டு மூக்கைச் சிந்தினார். கைக்குட்டை மஞ்சப்பச்சையாய் மினுங்கியது.

"ஏங்க, மூளையா உருகி வருது?" என்று மனைவி ஜெயசித்ரா அலறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். "கண்ணுல விட்ட சாயம் மூக்குக்குத்தான் இறங்கும். ஒண்ணும் செய்யாது" என்றார் கிறிஸ்டி.

ஜெயசித்ராவுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று முழுக்க, ஷூவைக் கழற்றக்கூட அவரைத் தலை குனிய விடவில்லை.