சொந்தக் கையால்

ஹம்ஸியா கணவரின் வலக்கையை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, வெளி விறாந்தையில் குடை மடக்கும் ஓசை கேட்டது. வந்தவர் யார் என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. குடையை மடக்கி, உதறி, சுவரில் சாய்த்து, அதன் பின்னரே தொண்டையைச் செருமிக்கொண்டு ஸலாம் சொல்வது தாஸிமின் வழக்கம். அவள் துணியைப் பிழிந்து, உள்நோக்கி மடங்கிக் கிடந்த விரல்களுக்கிடையே நுழைத்து, உள்ளங்கையின் வியர்வையை ஒற்றியெடுத்தாள். இரண்டு ஆண்டுகளாக அந்த விரல்கள் முழுவதும் விரிந்ததில்லை.

கணவர் டொக்டர் மஹ்ரூபுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயமொன்றில் காய்ச்சல்காரர்களைப் பார்க்க மழையில் போய் வந்தவர்; ஈரம் நெஞ்சில் இறங்கிவிட்டது. காலையில் வந்து பார்த்த ஆஸ்பத்திரி டொக்டர், இன்றைய பொழுது தாண்டாது என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். படுத்திருப்பவருக்கும் ஆங்கிலம் தெரியும் என்பதை அவர் மறந்திருந்தார்.

ஹம்ஸியா முன்னறைக்கு வந்து, வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"தங்கச்சி, நாளைக்கு விடிய வண்டி கட்டிப் பண்டாரவளைக்குப் போறேன். அங்கிருந்து ரயில், பிறகு கப்பல்" என்றார் தாஸிம். "டொக்டர்ட கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசிட்டுப் போகணும்."

"தூங்குறார், நானா. இருங்க."

இந்த வாரம் முழுவதும் அவருக்குக் கிடைத்த மறுமொழி அதுதான். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகச் சென்று, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்குப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பார்கள். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனே பொறுத்தாக வேண்டும்; அவனைக் கடந்து இறைவனிடம் போக முடியாது. பதுளைக் கடைத்தெருவில் தாஸிம் ஏறாத படி இல்லை. இந்த ஒரு வீடுதான் மிச்சம். அவர் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் அமர்ந்தார். வாங்கு முனகியது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வாங்கில் அமர்ந்துதான் அவர் காப்புறுதிப் பத்திரத்தை விரித்தார். கடை நடத்தியதோடு, கொழும்பிலிருந்த காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்கு ஏஜெண்டாகவும் இருந்தார். டொக்டருக்குக் கைதான் முதல் என்றும், அந்தக் கை தொழிலுக்கு உதவாமற் போனால் கம்பெனி கை கொடுக்கும் என்றும் சொல்லிச் சிரித்தார். மஹ்ரூபும் சிரித்தார். அறுத்துத் தைப்பதில் அவருக்கு நிகரான கைராசிக்காரர் ஊவா மாகாணத்தில் இல்லை என்று துரைமாரே சொன்ன காலம் அது.

பிறகு மடுல்சீமைப் பாதையில் வண்டி கவிழ்ந்தது. வண்டிச் சில்லுக்கு அடியில் அகப்பட்ட மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியது, விரல்கள் சுருண்டன. கத்தியை மட்டுமன்றிக் கரண்டியையும் அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. கம்பெனிக்கு மனுவை ஹம்ஸியா எழுதினாள். பிழையில்லாமல், வரி கோணாமல் எழுதினாள். தாஸிம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். மனைவி எழுதியது செல்லாது. உரியவர் சொந்தக் கையால் ஒப்பமிட வேண்டும் என்றார். ஆகவே அவள் பேனாவைக் கணவரின் விரல்களோடு சேர்த்துத் துணிக்கீற்றால் கட்டினாள். ஒரு பிற்பகல் முழுவதும் வியர்த்து, உதட்டைக் கடித்து, அவர் தம் பெயரை எழுதினார். கட்டை அவிழ்த்தபோது விரலில் இரத்தம் கட்டியிருந்தது. தாஸிம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

தம் பெயரை எழுத முடிந்தவருக்குத் தம் தொழிலையும் செய்ய முடியும் என்று கம்பெனி பதில் அனுப்பியது. உதவியின்றி அவர் ஒப்பமிட்டதைத் தங்கள் ஏஜெண்டே கண்ணால் கண்டு உறுதிப்படுத்தியிருப்பதாகவும் சொன்னது. அன்று வண்டியோட்டிய கந்தப்பன், கை உதவாமற் போனதற்குத் தானே கொழும்புக்கு வந்து சாட்சி சொல்வதாக நின்றான். கூலிக்காரன் வாய்ச்சொல்லைக் கம்பெனி எடுக்காது என்று தாஸிம் அவனை அனுப்பிவிட்டார். ஏஜெண்டு வேலை அவருக்கு நிலைத்தது. கத்தி பிடித்த டொக்டர், கிடைத்த காய்ச்சலுக்கெல்லாம் கலவை மருந்து கொடுக்க மழையிலும் மலையேறினார்.

இப்போது படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றவன் அந்தக் கந்தப்பன்தான்.

"டொக்டரய்யாவ ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றேங்க."

"உள்ளே வா, கந்தப்பன்" என்றாள் ஹம்ஸியா, வாங்குவரை கேட்கும் குரலில். திரையையும் அவளே விலக்கிப் பிடித்தாள்.

தாஸிம் எழுந்து நின்றார். திரை அவருக்கு முன்னால் விழுந்தது. கந்தப்பன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தலைப்பாகையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதான். திரும்பிப் போகும்போது வாங்கைப் பார்த்து, "இன்னும் கூப்பிடலீங்களா? காத்திருங்க. நாங்கல்லாம் காத்திருந்து பழகினவங்க" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனான்.

மஹ்ரூப் கண் விழித்தார்.

"ஆரு வெளியில?"

"கந்தப்பன் வந்துட்டுப் போறான்."

"தாஸிம்ட செருமல் கேட்டிச்சே."

அவள் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் நீரைக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டில் சொட்டினாள். அவர் விழுங்கவில்லை, நீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்தாள்.

"ஹஜ்ஜுக்குப் போறாராம்" என்றார் அவர். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே நெடுநேரம் மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. "நான் பொருந்திக்கிட்டேன் எண்டு சொல்லு, புள்ள. மனசில ஒண்டுமில்ல எண்டு சொல்லு."

வலக்கை போர்வைக்குள் அசைந்தது. வெளியே வரப் பார்த்தது. ஹம்ஸியா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்வதுபோல் மெத்தைக்கடியில் இறுகச் செருகினாள்.

"சொல்றியா?"

"பேசாதீங்க. களைச்சுப் போவீங்க."

பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்த சற்றைக்கெல்லாம் மூச்சு நின்றது. அவள் கலிமாவை அவர் காதில் சொல்லி முடித்து, கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினாள். செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் செய்தாள். பிறகு திரையருகே சென்றாள்.

"மௌத்தாகிட்டார், நானா. பள்ளிவாசலுக்குச் சொல்லிவிடுங்க."

தாஸிம் இன்னாலில்லாஹி ஓதினார். ஆனால் நகரவில்லை. திரைக்குக் கீழே அவருடைய பாதங்கள் தெரிந்தன. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நின்றது.

"தங்கச்சி, என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அந்தக் கேள்விக்காக அவள் இரண்டு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறாள் என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நான் சொன்னா அது என்ட சொல்லுதானே, நானா" என்றாள். "மனைவிட சொல்லு செல்லாது எண்டு நீங்கதானே சொன்னீங்க. அவர்ட சொந்தக் கையால வேணும்."

வெளியே மழை ஓட்டின் மேல் இறங்கத் தொடங்கியது.

"அல்லாஹ்வுக்காக" என்றார் தாஸிம். "ஒரு சொல்லு. ஆமெண்டோ இல்லையெண்டோ."

அவள் திரையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"உள்ளே வந்து அந்தக் கையையாவது ஒருக்கா பிடிச்சிட்டுப் போறேன்."

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்குள் சென்றாள்.

மையித்தின் கைகளை நீட்டி உடம்போடு நேராக வைக்க வேண்டும். இடக்கையை எடுத்து அவ்வாறே வைத்தாள். வலப்பக்கம் வந்து, தான் செருகியிருந்த போர்வையை உருவினாள். எந்த எண்ணெய்க்கும் எந்த ஒற்றடத்துக்கும் இளகாத அந்தக் கை இளகியிருந்தது. விரல்கள் தாமாகவே விரிந்து, உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது, யாரோ வந்து பிடித்துக்கொள்வதற்காக நீட்டியதுபோல.

விறாந்தையில் தொண்டை செருமும் ஓசை கேட்டது.

ஹம்ஸியா கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தாள். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக உள்நோக்கி மடக்கினாள். அவை மீண்டும் விரிய முயன்றன. தன் இரு கைகளாலும் அந்தக் கையை மூடிக்கொண்டு, அது மடிந்தபடியே குளிர்ந்து விறைக்கும்வரை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.