முன்பாரம்

நாமக்கல்லுக்கு மேற்கே தோட்டம் வைத்து வாழ்ந்துவந்த நாச்சிமுத்துக் கவுண்டர், சேலத்து வக்கீல் ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கினார்; அதனை ஓட்டும் முறையையும் அந்த வக்கீலின் டிரைவரிடமே கற்றுக்கொண்டு வந்தார். நேரான சாலையில் வண்டி செலுத்துவதில் அவரைக் குறைகூற எவராலும் இயலாது. குறையெல்லாம் சாலை நேராக இல்லாத இடங்களில்தான் நேர்ந்தது. அவர் கைச்சக்கரத்தைத் திருப்புவார், முன்சக்கரங்களும் திரும்பும், வண்டியோ அதனைப் பொருட்படுத்தாது, தான் முன்னரே தீர்மானித்த திசையில் சற்றுத் தூரம் சென்று, பின்னர் மனமிரங்கி வளையும்.

மனமிரங்குவதற்குள் ஒருமுறை காரியம் மிஞ்சிவிட்டது. மனைவி சௌந்திரத்தை அருகில் அமர்த்திக்கொண்டு, இராசிபுரத்திற்கு அருகிலுள்ள அவளுடைய தாய்வீட்டிற்கு அவர் சென்றபோது, ஊரெல்லையிலுள்ள ஏரிக்கரை வளைவில் வண்டி வளையவில்லை. நேரே வரப்பின்மேல் ஏறியிறங்கி, ஆமணக்குக் காட்டின் நடுவே போய் நின்றது. காடு சௌந்திரத்தின் தம்பி மருதாசலத்தினுடையது. அவன் ஓடிவந்து, இருவருக்கும் காயமில்லை என்பதைக் கண்டு மூச்சுவிட்ட பின்னர், மிகுந்த மரியாதையோடு கேட்டான்:

“ஏனுங்க மச்சான், காட்டை உழுகோணும்னா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே ஏரு பூட்டியிருப்பமுங்களே?”

அன்று வண்டியைவிட்டு இறங்கிய சௌந்திரம் பின்னர் அதில் ஏறவேயில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் கூண்டு மாட்டுவண்டியிலேயே போய்வந்தாள். கவுண்டர் காலியான இருக்கையை அருகில் வைத்துக்கொண்டு தனியே ஓட்டித்திரிந்தார்.

தை மாதத்தில் மருதாசலத்திற்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் அவன் பக்கத்தில் அமர்ந்து செய்யும் இணைச்சீர் இல்லாமல் அவர்கள் வழக்கத்தில் தாலி ஏறுவதில்லை. அத்தகைய பெருமைக்குரிய இணைச்சீர்க்காரி, மோட்டாரில், தம் பக்கத்தில் அமர்ந்து சென்று இறங்கவேண்டும் என்று கவுண்டர் ஆசைப்பட்டார். அந்த ஆசையைச் சுற்றிவளைத்து மனைவியிடம் தெரிவித்தபோது அவள் நேராகவே மறுமொழி சொன்னாள்.

“என்ற தம்பி கண்ணாலத்துக்கு நான் போய்ச் சேரோணுமுங்க. ஆமணக்குக் காட்டுல நின்னுக்கிட்டு கெட்டிமேளம் கேக்க முடியாது. மொதல்ல அதை வளையச் சொல்லுங்க, அப்பறம் நான் வாரேன்.”

எனவே சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மெக்கானிக் மணியன் வரவழைக்கப்பட்டார். அவர் சென்னைப்பட்டணத்தில் துரைமார் வண்டிகளையெல்லாம் பழுதுபார்த்தவர் என்பது, அவரே அதனை அடிக்கடி எடுத்துரைத்தமையால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தகையவர் வண்டியின் முகப்பைக் கண்டதும் கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு அதனை ஒருமுறை சுற்றிவந்தார். வண்டி வாங்கிய நாளிலேயே இரண்டு விளக்குகளுக்கும் நடுவே பலகை அடித்து, அதன்மீது ஓர் ஆட்டுக்கல் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அதன் கனத்தைத் தாங்கும்பொருட்டு, முன்பக்கத்து ஸ்பிரிங்குகளில் உள்ளூர்க் கொல்லர் புதிய பட்டைகளையும் சேர்த்திருந்தார்.

கவுண்டர் பெருமையோடு விளக்கினார். கடலைக்காய் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றுவதில் அவருக்கு நிகரானவர் அந்தப் பக்கத்தில் இலர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். ஆதலால் முன்பாரம் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். மாடே இல்லாத வண்டிக்கு முன்பாரத்தைக் கல்லன்றி வேறு எது தரும்?

மணியன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டார்.

“இதை மாடு இழுக்கலீங்களே. முன்சக்கரந்தான் பாரமும் சொமக்கோணும், அதுவேதான் திரும்பவும் செய்யோணும்னா, ரெண்டுல ஒண்ணைத்தானுங்க அது உருப்படியாப் பண்ணும்.”

கல் இறங்கிற்று. கொல்லர் சேர்த்த பட்டைகள் கழன்றன. வரப்பில் மோதியபோது முன்சக்கரங்களை இணைக்கும் தண்டு வளைந்திருந்ததால், அவை சண்டையிட்டுக்கொண்ட சம்பந்திகளைப்போல ஆளுக்கொரு திசையை நோக்கிக்கொண்டிருந்தன. மணியன் தண்டை நிமிர்த்தி, சக்கரங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அவற்றின் இடைவெளியை முன்னும் பின்னும் கயிறு பிடித்து அளந்து, இரண்டையும் சமாதானப்படுத்தினார். டயர்களில் அளவறிந்து காற்றும் அடைத்தார். பிறகு கவுண்டரையே ஓட்டச்சொன்னார். களத்தைச் சுற்றி வண்டி சொன்னபடி வளைந்தது.

அதற்காகக் கவுண்டர் மகிழ்ந்திருக்கவேண்டும். ஆனால் நுகத்தில் பாரமற்ற வண்டியில் அமர்ந்தவரைப்போல அவருக்கு உள்ளூரக் கூசிற்று. மிகவும் சிறியதாக ஏதேனும் ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அவர் மெல்ல வினவினார்.

“அம்மிக்கல்லும் வேண்டாமுங்க, கொழவிக்கல்லும் வேண்டாமுங்க” என்று கூறிவிட்டு மணியன் சேலத்திற்குப் புறப்பட்டார். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த சௌந்திரம், ஆட்டுக்கல்லைப் பின்கட்டுக்கு உருட்டிச்செல்ல ஆளை ஏவினாள். வண்டி வளைந்ததைத் தன் கண்ணாலேயே கண்டமையால், சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாகவும் தெரிவித்தாள்.

திருமண நாள் காலையில் பட்டுச்சேலை உடுத்தி, சீருக்குரிய பேழைக்கூடையுடன் அவள் வெளியே வந்தபோது வண்டி ஆயத்தமாக நின்றது. விளக்குகளுக்கு நடுவே, கல்லிருந்த பலகையின்மீது, வெல்ல மூட்டை வீற்றிருந்தது. முன்னிருக்கையின் காலடியில் அரிசிமூட்டையும் தேங்காய்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பின்னிருக்கை முழுவதும் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

“கல்லுப் போயி வெல்லமாச்சுங்களா?”

“பொறத்தால வெச்சா தேங்கா உருளும், சௌந்திரம்.”

“இங்க வெச்சா நாம உருளுவமுங்க.”

கவுண்டர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். பண்ணையாட்கள் எல்லாவற்றையும் பின்புறம் மாற்றினர். காலியான முன்னிருக்கையை அவர் துண்டாலேயே துடைத்துவைத்தார். சௌந்திரம் அந்த இருக்கையைப் பார்த்தாள். கணவருடைய கைகளையும் பார்த்தாள். பின்புறக் கதவைத் திறந்துகொண்டு வெல்ல மூட்டைக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

“நானும் பாரந்தானுங்க. போகும்போது பொறத்தாலயே இருந்துக்கறேன். கண்ணாலம் தவறக்கூடாது பாருங்க.”

ஏரிக்கரை வளைவிற்கு வண்டி வரும் ஓசை கேட்டதும், யாரோ ஒருவர் முன்னெச்சரிக்கையாக ஆமணக்குக் காட்டில் மேய்ந்த கன்றுக்குட்டியை ஓட்டிச்சென்று அப்பால் கட்டினார். கரையின்மீது உறவினர் கூட்டமொன்று காத்திருந்தது. கவுண்டர் கைச்சக்கரத்தைத் திருப்பினார். வண்டி, வாழ்நாளெல்லாம் அந்த வளைவில் வளைந்து பழகியதைப்போல வளைந்து ஊருக்குள் நுழைந்தது. கூட்டம் சற்று ஏமாற்றத்தோடு கலைந்தது.

இணைச்சீர் குறையின்றி நடந்தது. குறையெல்லாம் கவுண்டருக்குத்தான். பின்னால் அமர்ந்துவந்த அம்மாளையும் முன்னால் தனியே அமர்ந்திருந்தவரையும் கண்ட கண்மங்கிய முதியவர் ஒருவர், டிரைவர்கள் இரண்டாம் பந்தியில் உண்ணலாம் என்று அவருக்கு அன்போடு இடம் காட்டினார். அதனைக் கேட்டு மணக்கோலத்திலிருந்த மருதாசலமே சிரித்துவிட்டான். கவுண்டரும் சிரித்தார், ஆயினும் அன்று அவர் இரண்டாவது முறை பாயசம் வாங்கவில்லை. எதிர்ப்பந்தியிலிருந்த சௌந்திரம் அதைக் கவனித்தாள்.

மறுநாள் புறப்படும்போது, தாய்வீட்டில் எதையும் கேட்டறியாத அவள், தம்பியிடம் இரண்டு மூட்டை கடலைக்காய் கேட்டாள். அக்காள் தோட்டத்தில் அதைவிட மிகுதியாகக் காய் குவிந்துகிடப்பதை அறிந்த மருதாசலம் விழித்தான், ஆனாலும் கொடுத்தான். மூட்டைகளைப் பின்னிருக்கையில் இடமொன்று வலமொன்றாக அவளே நின்று வைக்கச் செய்தாள். பின்னர் முன்கதவைத் திறந்து, கணவருக்குப் பக்கத்தில் ஏறி அமர்ந்தாள்.

கவுண்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னுங்க பாக்கறீங்க? பொறத்தால பாரம் வெச்சாச்சு. ஓட்டுங்க.”

ஏரிக்கரை வளைவில் வண்டி மீண்டும் சொன்னபடி கேட்டது. ஆமணக்குக் காடு பக்கவாட்டில், தன் இடத்திலேயே, கடந்து போயிற்று. கதவை இறுகப் பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சௌந்திரம் கேட்டாள்:

“அந்த ஆட்டுக்கல்லை விட நான் பாரம் கம்மிதானுங்களே?”

அங்கிருந்து நாமக்கல் சாலை நேராகவே செல்கிறது. ஆயினும் கவுண்டர் வெகுதூரம்வரை சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.