இரண்டு தரப்புக்கும் ஒரே துணையாள்

எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் வாசற்படி தாண்டியதில்லை. தாண்டவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். ஆகையால், என் மகளுக்கும் மருமகளுக்கும் நடுவே சமரசம் பேச ஆஸ்பத்திரி நிர்வாகம் வெளியிலிருந்து ஓர் அம்மாளை வரவழைக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். மருமகள் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கருவிகளைத் துணியில் பொதிந்து நீராவியில் சுத்திகரித்து மேலே அனுப்பும் அறைக்குப் பொறுப்பாளி. பொதி ஈரமாக வந்தால் தியேட்டரில் அதைப் பிரிக்க மாட்டார்கள். ஈரத்தின் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அன்று நோயாளியை மேஜையில் படுக்கவைத்த பிறகு வந்த பொதி ஈரம். மகள் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லோர் முன்னாலும் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மேலிடம் மருமகளிடம் விளக்கம் கேட்டது. அவள் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். மகனும் கூடப் போவதாகச் சொன்னான். வீடு இரண்டாகப் போகிறது.

சமரசத்துக்கு ஒவ்வொரு தரப்பும் ஒரு துணையாளை அழைத்து வரலாமாம். "நீங்க பக்கத்துல இருந்தா போதும் மாமா" என்றாள் மருமகள். தலையாட்டினேன். மறுநாள் மகள் வந்து, என் பெயரைத்தான் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அவளுக்கும் தலையாட்டினேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் இது இருவருக்குமே தெரியாது.

கூட்ட அறையில் அந்த அம்மாள் துணையாள் பெயர் எழுதிய இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நீங்களேவா? எந்தப் பக்கம் உட்காரப் போறீங்க பெரியவரே?"

மேஜையின் தலைமாட்டு நாற்காலியை இழுத்தேன். அது தன்னுடையது என்றார். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கிடைத்தது. துணையாள் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். என் மனைவிக்குப் பிறகு என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒருத்தி சொன்னதை மற்றவள் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும் என்பது அவருடைய முறை. தியேட்டர் அவசரப்படுத்துவதால் பொதிகளை ஆறவிடாமல் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஈரம் தங்குகிறது என்றாள் மருமகள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னாள்.

"மத்தவங்க தப்பு பண்ணா போன் போட்டு சொல்லுவா. எனக்குன்னா மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்புவா" என்றாள் மருமகள்.

மகள் இதையும் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். "மத்தவங்களுக்கு போன் போடுறேன். அண்ணிக்கு மட்டும்..."

ஏன் என்று கேட்டார் அந்த அம்மாள்.

"ஆஸ்பத்திரிக்குள்ள சொந்தம் கொண்டாடக் கூடாது. வீட்டுல அப்படி ஒரு விதி இருக்கு."

"யார் வச்ச விதி?"

நான் வைத்தது. எங்கள் குடும்பம் சலுகை வாங்குகிறது என்று எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இருவரில் ஒருத்தியும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

"எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணதுங்க" என்றாள் மருமகள்.

"ஆமா, எல்லாரும்தான்" என்று மகள் உடனே ஒத்து ஊதினாள்.

முகம் பார்க்காமல் இருந்த இரண்டு பேர், வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காமல் கூசாமல் பொய் சொன்னார்கள். எனக்கு மார்பு நிமிர்ந்தது. எழுந்து நின்றேன்.

"வச்சது நான்தாம்மா. வச்சவனுக்கு எடுக்கவும் தெரியும். எடுத்தாச்சு."

"துணையாள் பேசக் கூடாதுன்னேனே" என்றார் அவர். ஆனால் கடிந்துகொள்ளவில்லை.

பிறகு காரியம் சுலபமாக நடந்தது. எந்தப் பொதி வேண்டுமென்று தியேட்டர் முன்கூட்டியே சொல்லும். கீழே ஆறவிட்டு அனுப்புவார்கள். குறை இருந்தால் முதலில் போன்.

வெளியே வந்ததும் மருமகள் நிர்வாக அலுவலகத்துக்குள் போனாள். மகள் அந்தக் கதவருகிலேயே நின்றாள். வேலைக்கு நேரமாகிறதே என்று நினைவூட்டினேன்.

"அண்ணி மாற்றலை வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு வரட்டும்ப்பா. சேர்ந்து போறோம். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

அவள் சொன்னபடி கிளம்பினேன்.