ஒரு கப் தண்ணீர்

ரோரியிடம் அவன் மனைவி டெஸ்ஸாவின் வாக்கியங்களில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவள் இறந்த வாரத்தில், பழைய வசனப் பிரதி ஒன்றின் பின்பக்கத்தில், அவள் வீட்டில் சொல்வதையெல்லாம் ஞாபகம் வந்தபடி எழுதிவைத்தான். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு தேறின. பிறகு வேலை அவனைத் தேடி வந்தது. 'ஏழாம் நம்பர் வீடு' என்ற டி.வி. நகைச்சுவைத் தொடரின் நான்காவது சீசன். அதில் வரும் மனைவிப் பாத்திரமான பாமுக்கு அவனால் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத முடியவில்லை. ஆகவே பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கொடுத்ததைப் பட்டியலில் கோடிட்டு அடித்தான். கொடுத்த வரிகளுக்கெல்லாம் ஜனம் சிரித்தது. பாம் சொன்ன பிறகு அந்த வரி டெஸ்ஸாவின் குரலில் அவனுக்குக் கேட்பதில்லை.

அதனால்தான் ஆறாவது பகுதியில் பாமை வீட்டை விட்டு அனுப்பப் பார்த்தான். கணவன் ரெக்குடன் சண்டை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விட்பியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். அத்தோடு பகுதி முடிகிறது. திங்கட்கிழமை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தபோது, தயாரிப்பாளர் ஃபிலிப்பா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அதன் பின்னால் இன்னொரு பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவ திரும்பி வரணும், ரோரி."

ஒரு வாரம் அங்கே இருக்கட்டுமே என்றான் அவன்.

"முடியாதுப்பா. நாற்பது லட்சம் பேரு மடியில சாப்பாட்டுத் தட்டோட உக்காந்திருக்காங்க. ஒருத்தனுக்கு வேலை போயிருக்கும், ஒருத்திக்கு அம்மா படுக்கையில கிடப்பாங்க. அரை மணி நேரம் என்ன கூத்து வேணா நடக்கட்டும். முடியறப்போ நாலு பேரும் அதே சோபாவுல இருக்கணும். அதுக்குத்தான் பாக்கறாங்க. யாரும் எங்கேயும் போகலேன்னு தெரிஞ்சுக்க."

அவனுக்கும் அது தெரியும். அந்த விதியை வைத்துத்தான் நான்கு வருடமாகச் சம்பாதித்தான். பேருந்தைத் தவறவிட்டு பாம் திரும்பி வருவதாக ஒரு காட்சியைச் சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை சால்ஃபோர்டில், ஜனத்தை உட்கார வைத்து அவர்கள் முன்னால் படப்பிடிப்பு. போல்டனிலிருந்தும் ஓல்டமிலிருந்தும் இரண்டு பஸ் நிறைய ஜனம் வந்திருந்தது. பாமாக நடிக்கும் மார்னி, கதவருகே பெட்டியோடு நின்று தன் வரியைச் சொன்னாள். அது ரோரி சொந்தமாக எழுதியது. முன்வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

ஃபிலிப்பா மாடிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கி வந்தாள். ஜனத்தைச் சிரிக்க வைப்பதற்கென்றே கூட்டிவந்திருந்த ஆள் மைக்கைப் பிடித்துத் தன் மாமியாரைப் பற்றி அளக்க ஆரம்பித்தான். அவன் எப்படியும் ஐந்து நிமிடம் இழுப்பான். அதற்குள் புது வரி வேண்டும்.

"என்ன கண்ணு, நான் என்னத்தச் சொல்லிட்டுப் போக?" என்றாள் மார்னி. அவளுக்கு வயது அறுபது. பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

ரோரி யோசிக்கத்தான் செய்தான். மூளையில் எதுவும் அசையவில்லை. பட்டியலில் அடிக்காத அந்த ஒன்று மட்டும் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை உட்கார வைத்த நாற்காலியை வாசலில் தூக்கியபோது டெஸ்ஸா திரும்பிப் பார்த்துச் சொன்னது.

மார்னியின் காதருகே சொன்னான். அவள் ஒருமுறை அவனை உற்றுப் பார்த்தாள். பெட்டியோடு கதவருகே போனாள்.

விளக்குகள் மாறின. பாம் கதவைத் திறந்தாள், திரும்பினாள்.

"கெட்டில்ல ஒரு கப்புக்கு மட்டும் தண்ணி வை. நீ ரெண்டுக்குத்தான் வைப்ப, எனக்குத் தெரியும்."

ரெக்காக நடிப்பவர் மெதுவாகக் குனிந்து தன் கையிலிருந்த கெட்டிலைப் பார்த்தார். அரங்கம் வெடித்தது.

மைக் கம்பின் நிழல் சுவரில் விழுந்துவிட்டதாம். மறுபடி எடுத்தார்கள். மார்னி உள்ளே வந்தாள், சொன்னாள், போனாள். முதல் தடவை கேட்பதுபோலவே சிரிக்கும்படி ஜனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; அவர்கள் அதைவிட அதிகமாகவே சிரித்தார்கள். ஓல்டம் பஸ்ஸில் வந்த முன்வரிசைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் சொல்வது ரோரிக்குக் கேட்டது.

"நம்ம வீட்டு அலமாரிக்குள்ள எவனோ ஒளிஞ்சு கேட்டிருக்கான்டி. இதை நீ தினம் சொல்ற."

"சொன்னா மட்டும் ஒரு கப்புக்கு வச்சிடுவீங்களாக்கும்," என்றாள் அந்த அம்மாள்.

ரோரி சட்டைப்பையைத் தொட்டான். நாலாக மடித்த காகிதம் இருந்தது. இனி அதில் அடிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த வாக்கியம் ஓல்டமில் ஏற்கெனவே தினமும் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அடுத்து, திரும்பி வரும் காட்சி. எழுதியிருந்த வரி சப்பென்று இருப்பதாக ஃபிலிப்பா சொன்னாள். திரும்பி வரும்போது பாம் என்ன சொல்வாள்?

அவனுக்குத் தெரியவில்லை. டெஸ்ஸா திரும்பி வரவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றான். "பெட்டியை வச்சிட்டு கெட்டிலைத் தூக்கிப் பாக்கட்டும்."

மார்னி வந்தாள். பெட்டியை வைத்தாள். கெட்டிலைத் தூக்கி, இரண்டு கப் தண்ணீரின் கனத்தைக் கையில் பார்த்து, ரெக்கின் பக்கம் திரும்பினாள். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஃபிலிப்பா ரோரியின் தோளைப் பிடித்து, அடுத்த சீசன் உறுதி, பாமுக்கு இதே மாதிரி நிறைய எழுது என்றாள்.

இரண்டாவது காமிராவில் ஏதோ கோளாறு, இன்னொரு தடவை எடுக்கலாம் என்று மேலிருந்து குரல் வந்தது.

மார்னி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு அப்பால் வீதி கிடையாது. மூன்றடி இடமும் கறுப்புத் துணியும்தான். அவள் அங்கே பெட்டியோடு நிற்பாள். கூப்பிட்டால் வருவாள்.

ரோரி கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.