இடது ஸ்பீக்கரை ஒட்டியவர்கள்

1

மச்சானின் ஸ்பீக்கரைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையின் முதல் மூன்று பிரதிகளில் அந்த வேலையை வேறு யாரோ செய்தார்கள். ஒன்றில் எலி, இன்னொன்றில் ஈரக்காற்று. மூன்றாவதில் "காலம் என்னும்..."

(அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.)

நடந்தது இதுதான். மச்சான் என் மனைவியின் அண்ணன். இடம் போதாத வீட்டுக்குக் குடிபோனபோது தன் அப்பா காலத்து ஸ்பீக்கர் ஜோடியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். "மாப்பிள்ளை, பத்திரமா இருக்கட்டும். கை மட்டும் வச்சிடாதீங்க" என்றார். கை வைக்காதே என்று சொன்னால் கை சும்மா இருக்குமா? இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. உடனே ஒட்டும் பசை ஒரு குழாய் வாங்கி, ஒரே அமுக்கு. பசை வளையத்தில் பாதி, என் விரல்களில் பாதி. பாட்டைப் போட்டேன். பாடகருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் பாட்டுக் கேட்க வருகிறார். அன்று செவ்வாய்.

2

ஸ்பீக்கர் சரிசெய்பவரை எல்லோரும் பசையக்கா என்றார்கள். நாற்பது வயது இருக்கும். முதல் பிரதியில் அவரை வெள்ளைத் தாடிக் கிழவராக மாற்றியிருந்தேன். ஞானம் சொல்ல வைக்க வசதி. படித்துக் காட்டியபோது, "தாடி பசையில மாட்டிக்கும் சார்" என்றார். எடுத்துவிட்டேன்.

அவருடைய மேசை ஜன்னலோரம். பசைகள் டப்பாவும் குழாயுமாக வரிசையாக நின்றன. ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார், வளையத்தை நகத்தால் சுரண்டினார்.

"யாரு கை வச்சது?"

"வேற ஒரு மெக்கானிக்."

"அப்படியா? அந்த மெக்கானிக்கோட பசை உங்க விரல்ல எப்படி வந்துச்சு?"

கட்டைவிரலில் பசை வெள்ளையாகக் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இந்தப் பசை காய்ஞ்சா கண்ணாடி சார். இந்த வளையம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆடுது. ஆடுற இடத்துல கண்ணாடிய வச்சா என்ன ஆகும்? ஆடுற இடத்துக்கு காய்ஞ்சாலும் வளையற பசை. உள்ள இருக்கிற கம்பிச்சுருள் சூடாகும், அங்க சூடு தாங்குற, ரெண்டு குழாயைக் கலந்து போடற பசை. பெட்டி ஓரத்துல காத்து ஒழுகாம இருக்கணும், அங்க சிலிக்கான். அதுலயும் புளிச்ச வாடை அடிக்கிறது வேண்டாம், செம்புக் கம்பியை அரிச்சிடும்."

"எல்லாத்துக்கும் ஒண்ணே போட்டா?"

"எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை போடுவீங்களா?"*

* இந்த இடத்தில் "குடும்பமும் ஒரு ஸ்பீக்கர்தான்" என்று எழுதி அடித்துவிட்டேன். அதை நீங்களே யோசித்துக்கொள்வீர்கள். உங்களுக்கும் வேலை வேண்டாமா?

3

புது வளையம் ஒட்டுவதற்கு முன், கம்பிச்சுருள் காந்தத்தில் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். அதற்காகக் கூம்பின் நடுவில் இருக்கும் கறுப்பு மூடியைக் கழற்றி, சுருளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளைச் செருகுவார்கள். பசையக்கா பிளேடால் மூடியைச் சுற்றிக் கீறினார். கழற்றினார். நிறுத்தினார்.

"சார், இங்க பாருங்க."

மூடியின் உள்விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு.

"ரத்தமா?"

"நகப்பூச்சு. உங்களுக்கு முன்னாடியே ஒரு ஆள் வேலைய காட்டியிருக்காங்க. இதுவும் கண்ணாடிதான். வருஷக்கணக்கா கொரகொரன்னு சொல்லிட்டே இருந்திருக்குமே, யாரும் கேக்கலையா?"

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குற்றத்தில் எனக்கு ஒரு கூட்டாளி! புது மூடிதான் போடுவேன் என்று பசையக்கா சொன்னதால், அந்த மூடியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். (ஆம், அற்பத்தனம்தான். எழுத்தாளர்களிடம் இதைவிட மேலான எதையும் எதிர்பார்க்காதீர்கள்.)

4

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூடியைக் காட்டினேன். மடிப்பு பாதியில் நின்றது.

"அம்மாவோட நகப்பூச்சு" என்றாள்.

"நீயா?"

"எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, அண்ணனுக்குப் பதினஞ்சு. மூடி மெத்துன்னு இருந்துச்சு, அமுக்கிப் பார்த்தேன். உள்ள போயிடுச்சு. கழட்டி, நிமித்தி, ஒட்டி வச்சேன். மறுநாள் பாட்டு போட்டா கொரகொரன்னுச்சு. அண்ணன்தான் சத்தமா வச்சு கெடுத்துட்டான்னு அப்பா அறைஞ்சிட்டார். அவனோட பாட்டு வகுப்பையும் நிறுத்திட்டார்."

"நீ சொல்லலையா?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேங்க."

"முப்பது வருஷமாவா?"

"ஆமா. ஒவ்வொரு நாளும் நாளைக்குன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மச்சான் பாடி நான் கேட்டதே இல்லை. குளியலறையில்கூட.

5 (சில முடிவுகள், பயன்படுத்தாதவை)

அ. எல்லாப் பழியையும் நானே ஏற்கிறேன். (என் குணத்தோடு ஒட்டாது.)

ஆ. மனைவி கடிதம் எழுதி ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைக்கிறாள். (அவள் படித்துவிட்டு, "கடுதாசி உள்ள இருந்தா சத்தம் நல்லா வராது" என்றாள்.)

இ. மச்சான் வரவில்லை. (வந்தார். பத்து நிமிடம் முன்னதாகவே.)

6

ஞாயிறு. மச்சான் நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டைப் போட்டேன். கண்ணை மூடினார், உடனே திறந்தார்.

"மாப்பிள்ளை, இடது பக்கம் கொரகொரன்னு ஒரு வண்டு இருந்துச்சே. எங்க போச்சு?"

நான் உண்மையைக் கொட்டிவிட்டேன்: பசை, விரல், பசையக்கா, எல்லாம். மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "கை வைக்காதீங்கன்னு சொன்னப்பவே தெரியும் நீங்க வைப்பீங்கன்னு!"

பிறகு சிரிப்பு அடங்கியது. "ஆனா அந்த வண்டு உங்களுது இல்லையே. அது என்னுது. அதுக்காக அறை வாங்கியிருக்கேன்."

மனைவி தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் உள்ள வாயேன்."

கதவு சாத்தப்பட்டது. நான் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். (ஒட்டுக்கேட்க. வேறெதற்கு?) ஒரு சொல்லும் காதில் விழவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். "அது உங்க கதையில வரக்கூடாது" என்றாள். மச்சானிடம் கேட்டேன். "தங்கச்சி சொன்னா சரிதான் மாப்பிள்ளை" என்றார்.

ஆகவே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். இருபது நிமிடம் கழித்து வந்தார்கள். இருவர் கண்களும் சிவந்திருந்தன. அவள் அண்ணனின் சட்டைக்கையைப் பிடித்திருந்தாள். மச்சான் உட்காரவில்லை. பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். முன்னிசை ஓடியது. அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. பாடகர் தொடங்க இன்னும் நாலு தாளம் இருக்கையில் தொண்டையைக் கனைத்தார். நான் பாடகரின் சத்தத்தைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், குறைத்தேன்.

இங்கே அவருக்கு ஒரு குரல் கொடுத்தாக வேண்டும். கட்டைக் குரலை வைத்துப் பார்த்தேன், கம்மிய குரலை வைத்துப் பார்த்தேன், பதினைந்து வயதுக் குரலையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அவருடையதாக இல்லை. மூன்று தாளம் போய்விட்டது. நீங்கள் ஒன்று கொடுங்கள், சீக்கிரம்.