மானேஜர் ஒப்பிடச் சொன்னார்

மூத்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், குடிதண்ணீர்க் குழாயைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். மானேஜரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் உக்காருங்களேன்க்கா. உங்களப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"உனக்கென்ன, கவலையில்லாத மனுஷி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.

இருவருக்கும் அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அவளும் பிடித்துச் சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்ற நிலைதான். மூத்தவளுக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. இனிமேல் நிற்கிற வேலை ஆகவே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சலவைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேலை ஒன்றே ஒன்று, சூப்பர்வைசர் வேலை. அது இப்போது காலியாக இருந்தது. கிடைக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். வீட்டில் மாமியார் இருந்தார்.

இரண்டு மருமகள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேசாவிட்டால் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. சின்னவள் என்ன நிறம், சின்னவள் என்ன உயரம், சின்னவள் கைபட்டால் வெந்நீர்கூட ருசிக்கும்! மூத்தவள் வந்த நாளிலிருந்து இதைக் கேட்டு, கேட்காதவள்போல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலைக்குச் சின்னவளையும் மனுப் போட வைத்தது மாமியார்தான். "நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே. அவளுக்கும் சொல்லிக் குடு" என்று உத்தரவு வேறு.

பல ஊர்க்காரர்கள் கலந்து வேலை செய்கிற இடம் என்பதால் மேலே போக ஆங்கிலம் வேண்டும். இந்த விரிப்பைவிட அது வெளுப்பு, இருப்பதிலேயே மோசமான கறை இதுதான் என்று ஒப்பிட்டுப் பேசத் தெரிகிறதா என்று மானேஜர் பார்ப்பாராம். சரி என்று சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே பாடம் நடந்தது. உதாரணத்துக்கு எங்கே போவது? எதிரும் புதிருமாக இருந்தது இவர்கள் இருவர்தான்.

"அக்கா இஸ் ஃபாஸ்டர் தேன் மீ. சொல்லு."

சின்னவள் சொன்னாள்.

"அக்கா இஸ் ஸ்மார்ட்டர் தேன் மீ."

அதையும் சொன்னாள். வேகமோ புத்தியோ பலமோ, எதை எடுத்தாலும் அக்காவே ஒருபடி மேல். கடைசியில் "ஐ ஆம் த ஸ்லோயஸ்ட்", இருப்பதிலேயே நான்தான் மந்தம், என்று சின்னவள் வெண்டைக்காயை ஆட்டி ஆட்டி ஒப்பித்தபோது மூத்தவளுக்கு நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது. அந்த வீட்டில் அவள் ஜெயித்தது அங்கே மட்டும்தான். மாமியார் கூடத்திலிருந்தபடி, "எப்படிச் சொல்றா பாரு, கிளியாட்டம்!" என்று பூரித்துப் போனார்.

கதவு திறந்தது. இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். மானேஜர் விரிப்பையும் காட்டவில்லை, கறையையும் காட்டவில்லை. "நீங்கள் இருவரும் உங்களையே ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மூத்தவள் முந்திக்கொண்டாள். நான் இவளைவிட வேகம், இவளைவிடக் கவனம், இந்தக் கூடத்திலேயே அனுபவசாலி நான்தான் என்று தங்குதடையில்லாமல் அடுக்கினாள். அடுத்தது சின்னவளின் முறை. அக்கா இஸ் ஃபாஸ்டர் தேன் மீ என்று ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் ஒப்பித்து, ஐ ஆம் த ஸ்லோயஸ்ட் என்று சிரித்த முகமாக முடித்தாள்.

மானேஜர் பேனாவைக் கீழே வைத்தார். மூத்தவளைப் பார்த்து ஆங்கிலத்திலேயே, "இவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை உங்களுக்கு வரவில்லை. இவருக்கு உங்களைப் பற்றி நல்லதைத் தவிர வேறு வரவில்லை. இத்தனை பேரைக் கட்டி மேய்க்க இந்த மனசுதான் வேண்டும். வெளியே போய்ப் பேசிக்கொள்ளுங்கள். சம்மதமா என்று இவரே வந்து சொல்லட்டும்" என்றார்.

அது மனசில்லை ஐயா, நான் நடத்திய பாடம் என்று மூத்தவள் எந்த வாயால் சொல்வாள்?

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னாரு? எனக்கு ஒண்ணும் புரியல."

"வேலை உனக்காம்."

"எனக்கா? நீங்கதான வேகம்? அதத்தான நான் சொன்னேன்!"

"ஏண்டி அதச் சொன்ன? உன்னப் பத்தி நல்லதா ஒண்ணாவது சொல்லித் தொலைச்சா என்ன?"

"எனக்கு நல்லதா நீங்க ஒண்ணும் சொல்லித் தரலையேக்கா."

அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். மூத்தவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"எனக்கு வேணாம்க்கா. உங்க கால் இருக்கற இருப்புல நீங்க எப்படி நிப்பீங்க? நான் போய் வேணாம்னு சொல்லிடறேன். அத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

மூத்தவள் மறுபடி நடந்தாள். கால் விண்விண்ணென்று தெறித்தது. வேண்டாம் என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தால் போதும், வேலை தன்னுடையது. இந்தப் பைத்தியக்காரி எதைச் சொன்னாலும் அப்படியே போய் ஒப்பிப்பாள். வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் பார்! அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"ஐ வில் டூ மை பெஸ்ட், சார். சொல்லு" என்றாள் வெடுக்கென்று.

"ஐ வில் டூ மை பெஸ்ட், சார்." சின்னவள் நெற்றியைச் சுருக்கினாள். "பெஸ்டுன்னா நல்லதுதான? வேணாம்னு சொல்றதுக்கு அது எதுக்கு?"

"மரியாதையா வேணாம்னு சொல்றது அப்படித்தான். கேள்வி கேக்காம போ."

சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் மூத்தவளுக்குப் பகீரென்றது. என்ன காரியம் பண்ணிவிட்டோம்? கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடலாமா? கதவின் கைப்பிடிவரை கை போயிற்று. அதற்குள் உள்ளே சின்னவளின் குரல் திக்காமல் திணறாமல் கணீரென்று கேட்டது. மானேஜர் பலமாகச் சிரித்தார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது, கண் கலங்கியது, இரண்டையும் முந்தானையால் அழுத்திக்கொண்டாள்.

சின்னவள் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

"சொல்லிட்டேன்க்கா! தங்கமான மனுஷன், கோவிச்சுக்கவே இல்ல. எந்திரிச்சு நின்னு கையெல்லாம் குடுத்தாரு. இனிமே வேலை உங்களுக்குத்தானே?"