விரலும் குடைப்பிடியும்

என் மனைவி மதிவதனா இறந்த பிறகு அவளுடைய பியானோவை நான் திறக்கவில்லை. வேறு விரல் பட்டால் அவள் விட்டுப்போன நாதம் கலைந்துவிடும் என்று பயந்தேன். துறைமுகத்து உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், திறந்து துடைக்க வேண்டும் என்று தெரிந்தும் மூடியே வைத்திருந்தேன்.

அவள் இருந்தபோது நான் பேசியது வேறு. சீனன்குடாவில் இயந்திரம் திருத்துகிறவன் நான். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எகிறிக் கம்பியில் அடிக்கிறது. எகிறிய பிறகு விரலுக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. ஒரே வேகத்தில் தட்டினால் யார் தட்டினாலும் ஒரே சத்தம்தான் என்பேன். பிள்ளைகளுக்குப் பியானோ பழக்குகிற மதி ஒத்துக்கொள்ளவே மாட்டாள். விரலின் பக்குவம் சுரத்தில் தெரியும் என்பாள். "உங்களுக்கு இரும்புக் காது."

ஒரு சனிக்கிழமை மழைக்குள் அவளுடைய தங்கை ஜதுசா வந்தாள். குடையைப் பியானோவுக்கு முன்னாலிருந்த கதிரையில் சாத்திவிட்டு, "அத்தான், ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டே?" என்றாள்.

"ஏலாது. உன்ர விரல் பட்டால் அக்கான்ர சத்தம் போயிடும்."

"விரலிலை ஒண்டுமில்லை எண்டு அக்காவோட சண்டை பிடிச்சது ஆர்? பக்கத்து வீட்டு ஆளோ?"

பியானோ மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"சன்னல் பக்கம் திரும்பி நில்லுங்கோ. ஒரே ஒரு கட்டை. அக்கான்ர மாதிரி இல்லையெண்டால் மூடிப்போட்டுப் போறன்."

திரும்பி நின்றேன். குடாவில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றது. மூடி திறக்கும் ஓசை கேட்டது. பிறகு நடுவிலிருந்து ஒரு சுரம், மெல்ல. பிள்ளைகள் போன பிறகு மதி தனக்காக வாசிக்கும்போது கேட்கும் அதே சுரம்.

"அவளேதான்" என்றேன். "உனக்கு நல்லாத்தான் பழக்கியிருக்கிறாள்."

"இப்ப திரும்பிப் பாருங்கோ."

அவள் கையில் குடை இருந்தது. அதன் மரப்பிடி இன்னும் கட்டையின் மேல் இருந்தது.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தேன். மதியுடன் பிடித்த சண்டையில் நான் வெல்வது இவ்வளவு ஆறுதல் தரும் என்று நினைத்ததில்லை. அந்த நாதம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. யார் தொட்டாலும் வரும்.

ஜதுசா குடையை வைத்துவிட்டு, மதி வழக்கமாக வாசிக்கும் பாட்டைத் தொடங்கினாள். ஒவ்வொரு சுரமும் மதியுடையது. ஆனால் வாசிப்பது மதி இல்லை. அவள் தயங்கும் இடத்தில் இவள் ஓடினாள். அவள் இடக்கையை அடக்கி வைப்பாள்; இவளுடையது முந்திக்கொண்டு இரைந்தது. ஒற்றைச் சுரம் வரைக்கும்தான் என் கட்சி செல்லும். அடுத்த சுரம் வந்து சேர்ந்ததும் மதி சொன்னதுதான் சரி.

"அந்த இடத்திலை அவள் கொஞ்சம் நிண்டு போவாள்" என்றேன்.

"நான் அக்கா இல்லை, அத்தான்."

"ஓம், கேக்குது. நிப்பாட்டாதை, வாசி."